செம்மறிப் பண்ணைக் கவிஞரும் பழைய தெய்வங்களும்

ஐஸ்லாந்து நாட்காட்டியில் கோடை ஏப்ரல் மாதமே பிறந்துவிடுகிறது. 19-ஆம் தேதிக்கும் 25-ஆம் தேதிக்கும் நடுவில் வரும் வியாழக்கிழமைதான் கோடையின் முதல் நாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் அன்று விடுமுறை; தெருக்களில் ஊர்வலம் போகும், பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கும். 1972-இல் அந்த நாள் ஏப்ரல் 20. அன்று தலைநகர் ரெய்க்யாவிக்கின் போர்க் ஓட்டலில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஓடின், தோர், ஃப்ரெய், ஃப்ரேயா ஆகிய பழைய தெய்வங்களை மறுபடி வணங்குவதும், அந்த வழிபாட்டை ஒரு மதமாக அரசிடம் பதிவு செய்வதும் அவர்கள் நோக்கம். சங்கத்துக்கு ஆசாட்ரூ சங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைய ஐஸ்லாந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் லூத்தரன் தேசியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அந்தத் தெய்வங்களுக்கு வெளிப்படையாகப் படையல் இட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ரகசியமாகத் தொடர்ந்து வந்த குருபரம்பரை எதுவும் இல்லை. கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை. மிச்சம் இருந்தவை பாட்டும் கதையும் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களுமே. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு வழிபாட்டை எழுப்ப முடியுமா என்ற கேள்விக்கு ஐஸ்லாந்து சொன்ன விடை உலகத்தில் வேறெங்கும் கிடைத்ததைவிடத் தெளிவானது. அதனால்தான் அந்த நாட்டின் கதை தனியாகச் சொல்லத் தக்கது.

பழைய வழிபாடு எப்படி இருந்தது என்பதை மண்ணே கொஞ்சம் சொல்கிறது. வடக்கே மீவாட்ன் ஏரிப் பக்கம் ஹொஃப்ஸ்டாதிர் என்ற இடத்தில் ஒரு பெரிய நீள்மனையின் அடித்தளம் இருக்கிறது. 1908-இலேயே அங்கே தோண்டினார்கள். 1990-களில் தொடங்கி மறுபடியும் விரிவாக அகழ்ந்தபோது, மனையை ஒட்டிக் குறைந்தது 23 மாட்டு மண்டையோடுகள் கிடைத்தன. கொம்புகளிலும் எலும்பிலும் வெயிலும் மழையும் அரித்த தடம் இருந்தது. மண்டைகள் வெட்டவெளியில், எல்லோர் கண்ணிலும் படும்படி நெடுங்காலம் தொங்கியிருக்கின்றன. இரண்டு கண்களுக்கு நடுவே ஓர் அடி, அதோடு கழுத்தில் ஒரு வெட்டு. வீட்டுச் சாப்பாட்டுக்காக மாட்டை அறுக்கிறவன் அப்படி அறுக்கமாட்டான். இரத்தம் பீறிட்டு அடிப்பதை ஊரே நின்று பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்த பலி அது. அறைக்குள் விருந்து, வாசலில் மண்டையோட்டு வரிசை. ஊர்த்தலைவனே பூசாரியாகவும் இருந்தான். அவனுக்குக் கோதி என்று பெயர்.

ரெய்க்யாவிக் தேசிய அருங்காட்சியகத்தில் வெண்கலத்தால் ஆன ஒரு சிறிய உருவம் இருக்கிறது. உயரம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. கூம்புத் தொப்பி அணிந்த தாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தியல் போன்ற ஒன்றை இரண்டு கைகளாலும் முழங்கால்மேல் பிடித்துக்கொண்டிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுரெய்ரி பக்கம் எய்ரார்லாண்ட் பண்ணையில் கிடைத்தது. செய்த காலம் ஏறக்குறைய கி.பி. 1000. தோர் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். விளையாட்டுக் காயாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த உருவத்தைப் பார்க்கிறவருக்கு ஒன்று புரியும்: இடி இடிக்கும் பெருந்தெய்வத்தை மடியில் முடிந்து எடுத்துப்போகிற அளவுக்கு நெருக்கமாகவும் வைத்திருக்க முடிந்திருக்கிறது.

9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்தும் பிரித்தானியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பக்தர்களாகவும் இருக்கவில்லை. மெலிந்த ஹெல்கி என்று பெயர்பெற்ற ஒருவரைப் பற்றிக் குடியேற்ற வரலாற்று நூல் சொல்கிறது: அவர் கிறிஸ்துவை நம்பினார், தம் குடியிருப்புக்குக் கிறிஸ்துவின் பெயரையே வைத்தார். ஆனால் கடற்பயணம் என்றால், காரியம் கடினம் என்றால், தோரைத்தான் கூப்பிடுவார். டென்மார்க்கில் ஒரு மாவுக்கல் அச்சு கிடைத்திருக்கிறது. அதே அச்சில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் கொல்லர் கொடுத்தார்.

மதம் மாறிய நாளைப் பற்றி ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பதிவு வியப்பானது. 930-இல் திங்வெல்லிர் சமவெளியில் தொடங்கிய நாட்டுச்சபையில் அரசன் கிடையாது. சட்டம் சொல்பவர் என்று ஒருவர் இருந்தார். எழுத்தில் இல்லாத சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் மக்கள் முன்னால் ஒப்பிப்பது அவர் பொறுப்பு. கி.பி. 1000 வாக்கில் அந்தப் பதவியில் இருந்தவர் தோர்கெயிர். நார்வே அரசன் ஓலாஃப் டிரைக்வசன் தன் நாட்டில் இருந்த ஐஸ்லாந்தியரைப் பிடித்து வைத்து மிரட்டிக்கொண்டிருந்தான். சபை கிறிஸ்தவர், பழைய வழியினர் என்று இரண்டாகப் பிளந்து, ஒருவர் சட்டத்தை மற்றவர் ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. உள்நாட்டுப் போர் வாசலில் நின்றது.

முடிவை இரு தரப்பும் தோர்கெயிர் கையில் விட்டன. அவரே பழைய வழியினர். தம் கூடாரத்துக்குள் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவர், அன்று பகலும் அடுத்த இரவும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் எழுந்து வந்து, சட்டத்தைப் பிளந்தால் அமைதியும் பிளந்துபோகும், எல்லோருக்கும் ஒரே சட்டமும் ஒரே நம்பிக்கையும் வேண்டும் என்றார். எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பது தீர்ப்பு. கூடவே மூன்று விலக்குகள்: வேண்டாத குழந்தையை வெளியே விட்டுவிடும் பழைய வழக்கத்துக்குத் தடையில்லை, குதிரை இறைச்சி தின்னலாம், யாரும் பார்க்காமல் பலியிட்டால் குற்றமில்லை, சாட்சி இருந்தால் நாடு கடத்தல். சில ஆண்டுகளில் இந்த விலக்குகளும் போய்விட்டன.

இதை நமக்குச் சொல்பவர் அரி தோர்கில்சன் என்ற பாதிரியார். எழுதியது 1120-களிலோ 1130-களின் தொடக்கத்திலோ. குளிர்ந்த நீரில் இறங்க மனமில்லாமல் பலர் ஊர் திரும்பும் வழியில் வெந்நீர் ஊற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இன்னொரு பழைய நூல் சேர்க்கிறது. லௌகர்வாட்ன் ஏரிக்கரையில் அந்த ஊற்று என்று காட்டப்படும் சிறிய கல்தொட்டியை இன்றும் பார்க்கலாம். தோர்கெயிர் தம் தெய்வச் சிலைகளைக் கோதாஃபோஸ் அருவியில் தூக்கி எறிந்தார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை மட்டும் பழைய நூல்களில் இல்லை. அது மிகப் பிற்காலத்தது.

பலி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

இதுதான் ஐஸ்லாந்தின் தனிச்சிறப்பு. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பழைய தெய்வங்களைப் பற்றிய பாட்டுகள் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. ஐஸ்லாந்தில் கிறிஸ்தவர்களே அவற்றை எழுதி வைத்தார்கள். அரசியல்வாதியும் கவிஞருமான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் ‘எட்டா’ என்ற உரைநடை நூலை ஆக்கினார். அது இளங்கவிஞர்களுக்கான பாடநூல். பழைய செய்யுளில் பொன்னையும் போரையும் கடலையும் சுற்றிவளைத்துச் சொல்லும் மரபு உண்டு. தெய்வக்கதை தெரியாதவனுக்கு அந்தத் தொடர்கள் விளங்கா. ஆகவே யாப்பு கற்பிக்கவந்த ஸ்னோரி புராணமும் கற்பித்தார். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு பாவகைக்கும் எடுத்துக்காட்டாகத் தாமே செய்யுள் இயற்றித் தந்தார். நார்வே அரசனோடு பகை முற்றி, 1241-இல் ரெய்க்ஹோல்ட்டில் தம் வீட்டு நிலவறையிலேயே கொல்லப்பட்டார்.

அதே நூற்றாண்டில், 1270-களில், யாரோ ஒருவர் தெய்வங்களையும் வீரர்களையும் பற்றிய பழம்பாடல்களைத் தோல் ஏடுகளில் படியெடுத்தார். அவற்றையும் எட்டா பாடல்கள் என்றே அழைக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தக் கை இல்லாவிட்டால் இன்றைக்கு ஓடினைப் பற்றி நாம் அறிவது பாதிகூட இராது. அந்தச் சுவடியில் 53 ஏடுகள் இருந்திருக்க வேண்டும், 45 மிஞ்சின. 1643-இல் அது பிஷப் பிரின்யோல்ஃபுர் ஸ்வைன்சன் கைக்கு வந்தது. 1662-இல் அவர் அதை டென்மார்க் அரசனுக்கு அனுப்பிவைத்தார், அன்று ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்ததால். முந்நூறு ஆண்டுகள் கோபன்ஹேகன் நூலகத்தில் கிடந்தது.

நாடு 1944-இல் குடியரசானது. சுவடிகளைத் திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கை டென்மார்க்கில் பெரிய வழக்காகி நாடாளுமன்றம் வரைக்கும் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பல் ஒன்று அந்தப் பாடல் சுவடியையும் இன்னொரு பெரிய சுவடியையும் ரெய்க்யாவிக் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். வீடுகளில் தொலைக்காட்சியில் நேரலை. ஒரு நாடு ஒரு தோல் சுவடியை அரசனை வரவேற்பதுபோல் வரவேற்றது. சங்கம் பிறந்தது அதற்கு அடுத்த ஏப்ரலில். இரண்டையும் நேரடியாக முடிச்சுப்போட முடியாது என்றாலும் ஊரின் மனநிலை அப்படி இருந்தது என்பது உறுதி.

சங்கத்தை நிறுவியவர்களில் நான்கு பேர் முக்கியமானவர்கள்: ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன், யோர்முண்டுர் இங்கி ஹன்சன், தாகுர் தோர்லைஃப்சன், தோர்ஸ்டைன் குத்யோன்சன். முதல் தலைமைக் கோதியாக ஸ்வைன்பியோர்னைத் தேர்ந்தார்கள். 1924-இல் பிறந்தவர். ஸ்வீனாதால் பள்ளத்தாக்கில் திராக்ஹால்ஸ் என்ற பண்ணையில் செம்மறி வளர்த்துப் பிழைத்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி; உடன்பிறந்தவர்களிலும் கவிஞர்கள் உண்டு. அக்கா ஹால்தோரா பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்ஃபை ஐஸ்லாந்திய மொழியில் பெயர்த்தவர்.

ஸ்வைன்பியோர்னின் உண்மையான மதம் யாப்பு என்றே சொல்லிவிடலாம். ஐஸ்லாந்தியச் செய்யுளில் மோனை இல்லாவிட்டால் பாட்டே இல்லை. முதலடியில் இரண்டு இடத்தில் மோனை, அடுத்த அடியின் தொடக்கத்தில் அதற்குப் பதில் மோனை. அதன்மேல் எதுகைகளைப் பின்னிப் பின்னி ரீமுர் என்ற நெடுங்கதைப் பாட்டைக் கட்டுவார்கள். மாரிக்கால இரவுகளில் பண்ணைவீட்டில் எல்லோரும் கம்பளி நூற்றுக்கொண்டிருக்க ஒருவர் இழுத்து இழுத்துப் பாடுவார். நூற்றாண்டுக்கணக்கில் இருந்த அந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில் மங்கிப்போனது. ஸ்வைன்பியோர்ன் அதை விடவில்லை. 1953-இல் யாப்பிலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். ஸ்னோரி செய்ததைப்போலவே பாவகைகளுக்கு எடுத்துக்காட்டுச் செய்யுள்களைத் தாமே இயற்றினார். ஏழு நூற்றாண்டு இடைவெளியில் அதே வேலை, அதே மொழியில். நீண்ட வெண்தாடியும் அடங்கிய குரலுமாக அவர் எட்டா பாடல்களை ஓதுவதைக் கேட்டவர்கள், சங்கம் ஏன் அவரைத் தேர்ந்தது என்று கேட்கமாட்டார்கள்.

1972 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் அவரும் தோர்ஸ்டைனும் திருச்சபை விவகார அமைச்சரைப் பார்க்கப் போனார்கள். அந்தத் துறையை வைத்திருந்தவர் ஓலாஃபுர் யோஹன்னெசன். நாட்டின் பிரதமரும் அவரே. முதலில் இதை வேடிக்கை என்றுதான் அவர் நினைத்ததாகச் சொல்வார்கள். வந்தவர்கள் விளையாட்டுக்கு வரவில்லை என்று தெரிந்ததும் தாள்களைக் கேட்டார். அவர்கள் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் இடியும் மின்னலும் வந்து நகரின் நடுப்பகுதியில் மின்சாரம் போனது என்று ஒரு கதை சங்கத்தாரிடையே நிலைத்துவிட்டது. டிசம்பர் மாத ரெய்க்யாவிக்கில் இடி அரிது. தோர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது. ஐஸ்லாந்து பிஷப் சிகுர்பியோர்ன் ஐனார்சன் அரசியல் சட்டத்தை எடுத்துக்காட்டினார். கடவுளை வணங்கச் சங்கம் அமைக்கலாம் என்றுதானே அது சொல்கிறது, பல கடவுளர் என்று எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். கோயில் இல்லை, கொள்கை தெளிவில்லை என்றார். நாஜி ஜெர்மனியில் இதே தெய்வங்களின் பெயரால் நடந்ததை நினைவூட்டினார். கடைசியாகச் சொன்னது எளிதில் தள்ளிவிடக்கூடிய அச்சம் அல்ல. அதற்குப் பின்னால் வருவோம். ஆனால் மத உரிமை 1874-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலிருந்தே ஐஸ்லாந்தில் இருக்கிறது. அரசு அந்த உரிமையின் பக்கம் நின்றது. 1973 மே 16 அன்று சங்கம் மத அமைப்பாகப் பதிவாயிற்று. கோதி நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி செல்லும். ஒவ்வொருவருடைய வரிப்பணத்திலிருந்தும் அவரவர் மத அமைப்புக்கு அரசு தரும் தொகையில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று திராக்ஹால்ஸ் பண்ணையில் முதல் பொது வழிபாடு நடந்தது. மழை கொட்டியது. யோர்முண்டுர் இங்கி செய்த தோர் சிலைக்கு முன்னால் ஸ்வைன்பியோர்ன் பழம்பாடல் ஓதினார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். இந்த வழிபாட்டுக்கு பிலோட் என்று பெயர். பழங்காலத்தில் அந்தச் சொல் இரத்தப் பலியைக் குறித்தது. சங்கத்தின் பிலோட்டில் விலங்குப் பலி அறவே கிடையாது.

நடைமுறை எளியது. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். நடுவில் தீ. கோதி இடத்தைப் புனிதப்படுத்தி, இந்த வட்டத்துக்குள் பகையில்லை என்று அறிவிப்பார். பிறகு எட்டா பாடல்கள். பிறகு ஒரு மாட்டுக்கொம்பு நிறைய பானம் வட்டத்தைச் சுற்றி வரும். கையில் வாங்கியவர் ஒரு தெய்வத்தையோ மறைந்த முன்னோரையோ நிலத்தைக் காக்கும் ஆவிகளையோ விளித்து, தம் மனத்தில் உள்ளதைச் சொல்லி, ஒரு மிடறு அருந்தி, கொஞ்சம் தரையில் வார்த்து அடுத்தவரிடம் தருவார். கடைசியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. குளிர்கால நடுவில் ஒன்று, கோடை பிறக்கும்போது ஒன்று, ஜூனில் பழைய சபை கூடிய திங்வெல்லிரிலேயே ஒன்று, மாரி தொடங்கும்போது ஒன்று என ஆண்டுக்கு நான்கு பெரிய பிலோட்கள். டிசம்பர் 1 அன்று நாட்டின் நான்கு திசைக் காவல் ஆவிகளுக்குத் தனி வழிபாடு. எருது, கழுகு, பறவைநாகம், மலைப்பூதம் ஆகிய அந்த நால்வரும் ஐஸ்லாந்து அரசின் சின்னத்திலேயே இருக்கிறார்கள்.

ஸ்வைன்பியோர்ன் தெருவில் இறங்கிப் பிரசாரம் செய்யவில்லை. பாடினார். 1982-இல் எட்டா பாடல்களை அவர் ஓதிய இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஃப்ரித்ரிக் தோர் ஃப்ரித்ரிக்சன் எடுத்த ‘ராக் இன் ரெய்க்யாவிக்’ என்ற ஆவணப்படத்தில், பங்க் இசைக்குழுக்களின் அலறலுக்கு நடுவே இந்த முதியவரும் ரீமுர் பாடுகிறார். தலைமுடியைச் சிலிர்த்துவிட்ட இளைஞர்களுக்கும் செம்மறி மேய்த்த கவிஞருக்கும் எப்படியோ ஒத்துப்போயிற்று. அந்த இளைஞர்களில் தேயிர் என்ற குழுவோடு தொடர்புடைய ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன் ஒருவர். பிற்காலத்தில் திரைப்பட இசையமைப்பாளராகி 1991-இல் ‘இயற்கையின் பிள்ளைகள்’ படத்துக்காக ஐரோப்பியத் திரை விருது பெற்றார். சிகுர் ரோஸ் குழுவோடும் ரீமுர் பாடகர் ஸ்டைன்தோர் ஆண்டர்சனோடும் சேர்ந்து ஓடினின் காகத்தைப் பற்றிய பழம்பாடல் ஒன்றை மேடையேற்றினார்.

ஸ்வைன்பியோர்ன் 1993 டிசம்பரில் காலமானார். அப்போதும் உறுப்பினர் தொகை சில நூறைத் தாண்டவில்லை. அவருக்குப் பின் யோர்முண்டுர் இங்கி 2002 வரை தலைமைக் கோதி. சங்கத்துக்குள் பூசல் எழுந்து அவர் விலக, யோனினா கிரிஸ்டின் பெர்க் என்ற பெண் இடைக்காலத் தலைமை ஏற்றார். 2003-இல் பொறுப்புக்கு வந்தவர் அந்த இசையமைப்பாளர் ஹில்மார் ஓர்ன்.

இனி பிஷப்பின் அச்சத்துக்கு வருவோம். நார்டிக் தெய்வங்களை ஐஸ்லாந்துக்கு வெளியே முதலில் மீட்க முயன்றவர்களில் பலர் இனவெறியர்கள். இதை மழுப்பக் கூடாது. வியன்னாவின் குய்டோ ஃபான் லிஸ்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூன் என்ற பழைய எழுத்துகளுக்கு மந்திரப்பொருள் கற்பித்து, ஆரிய இரத்தம் என்ற கற்பனையை அதில் ஏற்றினார். நாஜித் தலைவர் ஹிம்லரின் எஸ்எஸ் படை அந்த எழுத்தையே சீருடைச் சின்னமாக அணிந்து கொலை செய்தது. ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞர் அலெக்சாண்டர் ரட் மில்ஸ் 1930-களில் ஓடின் திருச்சபை நடத்தினார். யூத வெறுப்பு அவர் எழுத்தில் ஊறிக் கிடந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எல்சே கிறிஸ்டென்சன் அவர் நூல்களைப் படித்து 1969-இல் ஓடின் வழிபாட்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். தெய்வங்கள் இரத்தத்தின் வழியே வருகிறவை, வெள்ளையருக்கே உரியவை என்ற எண்ணம் இந்த வழியாகத்தான் அமெரிக்கச் சிறைச்சாலைகள் வரைக்கும் பரவியது.

அமெரிக்காவில் அதற்கு எதிர்த்தரப்பும் வலுவாகவே எழுந்தது. 1987-இல் தொடங்கிய ‘தி ட்ரோத்’ அமைப்பு எந்த இனத்தவரும் வரலாம் என்ற நிலைக்கு வந்தது. 2016-இல் ஆசாட்ரூ ஃபோக் அசெம்ப்ளி என்ற அமைப்பு வெள்ளை இனத்தை முன்னிறுத்தி வெளிப்படையாக அறிக்கை விட்டபோது, பல நாடுகளின் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் ஒன்றுசேர்ந்து, இவர்களோடு எங்களுக்கு உறவில்லை என்று கையெழுத்திட்டன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவருக்கு அமைதி தராதே என்று அறிவுரைக்கும் எட்டா செய்யுள் ஒன்றின் எண் 127. அந்த எண்ணையே பிரகடனத்துக்குப் பெயராக வைத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2013-இல், போர்வீரர் கல்லறைக் கற்களில் பொறிக்கத்தக்க சமயச் சின்னங்களில் ஒன்றாகத் தோரின் சுத்தியலை அமெரிக்க அரசு ஏற்றிருந்தது. டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளிலும் 1990-களில் சங்கங்கள் தோன்றி அரசுப் பதிவு பெற்றன.

ஐஸ்லாந்துச் சங்கத்தின் தொடக்க நாட்களில் ஐயம் கொள்ள இடமில்லாமல் போகவில்லை. நிறுவனர்கள் எல்லோரின் கருத்துகளும் ஒரே அளவுக்குத் தூயவை என்று சொல்லமுடியாது. ஆனால் சங்கம் வளர வளர நிலைப்பாடு தெளிவாயிற்று: இன உயர்வு, போர்வெறி, விலங்குப் பலி மூன்றுக்கும் இந்தத் தெய்வங்களைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. ஒருபால் திருமணத்தை நாடு 2010-இல் சட்டமாக்கியது. சங்கம் அந்த உரிமைக்கு முன்பிருந்தே ஆதரவு. 2015-இல் இது வெளியுலகுக்குத் தெரிந்தபோது பிற நாட்டு ஓடின் பக்தர்கள் சிலர் வசைக் கடிதங்களை அனுப்பிக் குவித்தார்கள். பழைய மரபைக் கெடுக்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மரபைக் காத்த சுவடியும் மொழியும் யாரிடம் இருக்கின்றன என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எட்டாவை மூலத்தில் படிக்கிற ஊர் இரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை, படிக்காதவர்களே பேசினார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் ஓடின் வானத்தில் சவாரி செய்வதாக இன்று யாராவது நம்புகிறார்களா என்று ஹில்மாரிடம் செய்தியாளர்கள் கேட்பதுண்டு. தெய்வக்கதைகளைக் கவிதை உருவகமாக, இயற்கையின் ஆற்றலும் மனித மனமும் பேசும் மொழியாகக் காண்கிறோம் என்பது அவர் பதில். எல்லா உறுப்பினரும் அப்படி நினைப்பதில்லை. தோர் உண்மையிலேயே கேட்கிறார் என்று நம்பி வட்டத்தில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கை அறிக்கை எதையும் சங்கம் யாரிடமும் கேட்பதில்லை. வேதநூலும் கிடையாது, எட்டாவை வழிகாட்டி என்பார்கள், கட்டளை என்று சொல்வதில்லை.

வளர்ச்சி மெல்லத்தான் வந்தது. 2015 வாக்கில் உறுப்பினர் ஏறக்குறைய 2,400. இன்று 5,000-க்கும் மேல். நாலு லட்சம் பேரைத் தொடாத நாட்டில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் என்று கணக்கு. இதே காலத்தில் தேசியத் திருச்சபை உறுப்பினர் விழுக்காடு அறுபதுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் திருச்சபைப் பாதிரியாருக்கு நெடுங்காலம் அரசே சம்பளம் தந்துவந்தது. எல்லா மதத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று சங்கம் வழக்குத் தொடுத்தது. நாட்டின் உச்சநீதிமன்றம் 2007-இல் அதைத் தள்ளியது. திருச்சபைக்குச் சட்டம் சுமத்தியிருக்கும் பொதுக் கடமைகள் மற்ற அமைப்புகளுக்கு இல்லை என்பது காரணம். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012-இல் மனுவை ஏற்கவில்லை. தீர்ப்புகள் சட்டத்தை ஒட்டியவையாக இருக்கலாம். நியாயத்தின் பக்கம் பார்த்தால் சங்கம் கேட்டது தவறான கேள்வி அல்ல.

கோயில் இன்னொரு நெடுங்கதை. ரெய்க்யாவிக் மாநகராட்சி ஓஸ்க்யுஹ்லித் குன்றின் தென்சரிவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நிலம் ஒதுக்கியது. சங்க உறுப்பினரான கட்டடக் கலைஞர் மாக்னுஸ் யென்சன், பாறைக்குள் பாதி புதைந்ததுபோல் ஒரு கும்மட்ட மண்டபத்தை வரைந்தார்; 250 பேர் இருக்கலாம். 2015 மார்ச் 20 காலை, சூரியன் பெரும்பகுதி கிரகணத்தில் மறைந்திருந்த வேளையில், ஹில்மார் அந்த இடத்தைப் புனிதப்படுத்தினார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நாட்டில் எழும் முதல் நார்டிக் கோயில் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே முடியும் என்றார்கள். முடியவில்லை. பாறையைக் குடைவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது, செலவு ஏறியது, கட்டடம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. நன்கொடைக்காகக் கொள்கையை விற்காமல், தங்கள் கையில் வந்த பணத்துக்கேற்ப வேலை பார்த்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

ஐஸ்லாந்துக்குப் போகிற தமிழர்களும் உண்டு. வடக்கொளி, எரிமலை, அருவி என்று அவர்கள் பட்டியல் நீளும். திங்வெல்லிரும் கட்டாயம் இருக்கும். ஜூன் மாதம் போகிறவர்கள் சங்கத்தின் பிலோட் எந்த நாள் என்று விசாரித்துப் பார்க்கலாம். பொது வழிபாடுகள் எல்லோருக்கும் திறந்தவை. மதமும் நிறமும் கேட்கமாட்டார்கள்.